ஆறு வாரக் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்துகின்றன. அலகு வெட்டலாமா, எப்படி வெட்டுவது?

தாண்டிக்குடி தோட்டம் (கேள்வி)

வணக்கம். தாண்டிக்குடியிலிருந்து எழுதுகிறேன். காப்பித் தோட்டத்துக்குள்ளேயே கொட்டகை போட்டு, முதல் முறையாக முட்டைக்கோழி வளர்க்கிறேன். 240 கிராமப்பிரியா குஞ்சுகள், இன்றோடு 41 நாள். ஒரு நாள் குஞ்சாக வாங்கியபோது அலகு வெட்டாமல்தான் கொடுத்தார்கள். நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் தீவனம் வைக்கப் போனபோது ஒரு குஞ்சின் வால் பக்கம் ரத்தம் தெரிந்தது. ஏதோ ஆணி கிழித்திருக்கும் என்று நினைத்தேன். மதியத்துக்குள் இன்னும் நாலுக்கு அப்படியே ஆகிவிட்டது. இப்போது 4 குஞ்சு செத்துப்போய்விட்டன, 17க்கு வாலடியில் புண். சண்டை போட்டுக் கொத்திக்கொண்டால்கூட ஏதோ சொல்லலாம். இது சண்டையே இல்லை. ஒரு குஞ்சு பின்னால் போய் நின்று நிதானமாக இறகைப் பிடுங்கித் தின்கிறது. பிடுங்கப்படுகிற குஞ்சு முதலில் கத்திக்கொண்டு ஓடுகிறது, அப்புறம் நாலடி நகர்கிறது, அப்புறம் நகர்வதும் இல்லை, தலையைக் குனிந்து அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. அம்மா இதைப் பார்த்த பிறகு கொட்டகைப் பக்கம் வருவதில்லை.

விவரம் எல்லாம் சொல்லிவிடுகிறேன். கொட்டகை 30 அடிக்கு 12 அடி, தகரக் கூரை, தரையில் நெல் உமி. 12 நாளாக மழை விடவே இல்லை, நாலு பக்கமும் தார்ப்பாய் இறக்கித்தான் இருக்கிறது. அப்படியும் வடக்குப் பக்கம் சாரல் அடித்து மூன்றில் ஒரு பங்கு உமி நனைந்துவிட்டது, குஞ்சுகள் அந்தப் பக்கமே போவதில்லை. ராத்திரிக் குளிருக்கு 200 வாட்ஸ் குண்டு பல்பு 2 போட்டிருக்கிறேன். பகலிலும் இருட்டாக இருப்பதால் அணைப்பதில்லை. தீவனம் வத்தலக்குண்டிலிருந்து மூட்டையாக வரும். பெரும்பாறை பக்கம் மண் சரிந்து வண்டி நின்றுவிட்டது, பண்ணைக்காடு வழியாகச் சுற்றி வர வண்டிக்காரர் கேட்கிற வாடகை கட்டுப்படியாகவில்லை. அதனால் 9 நாளாக மக்காச்சோள நொய்யும் தவிடும் கலந்து போடுகிறேன், வயிறு நிறையத்தான் தின்கின்றன.

பக்கத்துத் தோட்டத்துக்காரர், கத்தியைக் கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அலகை வெட்டிவிட்டால் ஒரே நாளில் நின்றுவிடும் என்கிறார். ஒட்டன்சத்திரத்தில் ஒரு சொந்தக்காரரிடம் பழைய டீபீக்கர் மெஷின் இருக்கிறதாம், அது மேலே வர இரண்டு நாளாகும். இந்த வயதில் வெட்டலாமா? எவ்வளவு வெட்ட வேண்டும்? கத்தியா, மெஷினா, நகவெட்டியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ராத்திரி தூக்கமே இல்லை.

நாமக்கல் லேயர்

எங்கள் பக்கம் 7 நாளிலிருந்து 10 நாளுக்குள் முதல் வெட்டு முடிந்துவிடும். அப்புறம் 12 வாரத்தையொட்டி இன்னொரு முறை. உங்களுக்கு முதல் வெட்டே விட்டுப்போனதுதான் பிரச்சினை.

கத்தி வேண்டவே வேண்டாம், மெஷின் வரும் வரை பொறுங்கள். சின்னக் குஞ்சு என்றால் மெஷினில் உள்ள தகட்டில் அளவு பார்த்து ஓட்டை இருக்கும், 4 மில்லிமீட்டர், 4.37, 4.75 என்று. அலகை மூடின மாதிரி அதில் நுழைத்தால் பிளேடு இறங்கும். கட்டைவிரல் குஞ்சின் பின்தலையில், ஆள்காட்டி விரல் தொண்டைக்குக் கீழே. தொண்டையை லேசாக அமுக்கினால் நாக்கு உள்ளே போய்விடும், இல்லாவிட்டால் நாக்கு நுனி சுட்டுப்போகும். வெட்டினவுடன் எடுத்துவிடக் கூடாது, 2 விநாடி பிளேடிலேயே வைத்திருந்தால் தான் ரத்தக்குழாய் கருகி அடைபடும். மூக்குத் துவாரத்திலிருந்து 2 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும்.

ஆறு வாரக் குஞ்சுக்கு ஓட்டை உதவாது. மேலலகு தனியாக, கீழலகு தனியாக வெட்ட வேண்டும், கீழலகு ஒரு நூல் நீளமாக இருக்கட்டும். இரண்டு நாள் முன்னாலிருந்தே தண்ணீரில் வைட்டமின் கே கலந்துவிடுங்கள். வெட்டின பிறகு ஒரு வாரம் தீவனத் தட்டில் தீவனம் ஆழமாக இருக்கட்டும், தட்டுத் தரையில் அலகு இடித்தால் வலி தாங்காமல் தின்பதை நிறுத்திவிடும்.

எத்தனையோ கூட்டம் பார்த்துவிட்டேன். வெட்டாமல் விட்டால் முட்டை வைக்கிற வயதில் ஆசனவாயைக் கொத்தித் தின்னும், அது இதைவிடக் கொடுமை. வெட்டிவிடுங்கள்.

கோத்தகிரி முட்டைப்பண்ணை

தம்பி, கத்தியைக் கீழே வைத்துவிட்டு முதலில் பல்பைப் பாருங்கள்.

நாமக்கல் தம்பி சொன்ன வெட்டு முறையில் தப்பு இல்லை, அதை அப்புறம் சொல்கிறேன். ஆனால் அவர்கள் ஊர்க் கொட்டகைக்கும் நம் மலைக் கொட்டகைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே வெளிச்சம் வேறு, சூடு வேறு. நாம் சூட்டுக்காகப் போடுகிற பல்பே வெளிச்சமாகவும் ஆகிவிடுகிறது. 200 வாட்ஸ் இரண்டு, இரவும் பகலும். அந்தக் குஞ்சுகள் 12 நாளாகத் தூங்கவே இல்லை என்று நினைத்துப் பாருங்கள். அவ்வளவு வெளிச்சத்தில் புதிதாக முளைக்கிற வால் இறகில் ரத்தம் ஓடுவதுகூடப் பளிச்சென்று தெரியும். சிவப்பாக எதைப் பார்த்தாலும் கோழி கொத்தும். ஒரு முறை ரத்த ருசி பார்த்துவிட்டால் கூட்டமே கற்றுக்கொள்ளும்.

நான் இங்கே 9 வருஷமாக முட்டைக்கோழி வைத்திருக்கிறேன், பச்சைத் தேயிலை விலை விழுந்த பிறகு ஆரம்பித்தது. இப்போது 400 இருக்கின்றன. என் முதல் கூட்டத்தில் உங்களுக்கு நடந்ததேதான் எனக்கும் நடந்தது, ஐப்பசி மழையில்தான். எனக்கும் ஒருவர் காய்ச்சிய கத்தி யோசனை சொன்னார். நான் செய்தேன். 38 கோழிகளுக்கு என் கையாலேயே செய்தேன்.

அரிவாள்மணை ஓரத்தைக் கேஸ் அடுப்பில் வைத்துச் சிவக்க வைப்பேன், கோழியிடம் கொண்டுபோவதற்குள் சிவப்பு போய்விடும். அது வெட்டவில்லை, நசுக்கியது. பாதி கோழிக்கு ரத்தம் நிற்கவில்லை. மறுநாள் ஒரு கோழி தீவனத் தட்டு முன்னால் நின்றுகொண்டிருந்தது. தலையைக் குனிந்து தீவனத்துக்கு ஒரு அங்குலம் மேலே வரை அலகைக் கொண்டுபோகும், அங்கேயே நிறுத்தும், தொடாமல் தலையைத் தூக்கும். மறுபடி குனியும். பசி இருக்கிறது, தொட்டால் வலிக்கும் என்றும் தெரிகிறது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தீவனத்தைக் கஞ்சி மாதிரி கரைத்து உள்ளங்கையில் ஊற்றிக் காட்டினேன், அப்போதுதான் நக்கியது. 6 கோழி அந்த வாரமே செத்துவிட்டன. மிச்சத்தில் பலதுக்கு மூன்று மாதத்தில் கீழலகு கரண்டி மாதிரி நீண்டு வளைந்துவிட்டது, தரையில் கிடக்கும் ஒற்றைச் சோளத்தைக்கூடப் பொறுக்க முடியவில்லை. உடம்பில் பேன் ஏறியது. முழு அலகு இருந்தால்தான் கோழி தன் இறகைக் கோதிப் பேனைப் பொறுக்கும், அது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கோழிகளை நான் விற்கவில்லை, சாகிற வரை என்னிடமே வைத்துக் கையால் தீனி கொடுத்தேன். இன்றைக்கும் அந்த அரிவாள்மணையில் காய்கூட நறுக்குவதில்லை.

சரி, உங்கள் கொட்டகைக்கு வருகிறேன். நீங்கள் எழுதினதிலேயே காரணம் எல்லாம் இருக்கிறது, மூன்று.

பல்பைச் சொல்லிவிட்டேன். இன்றைக்கு ராத்திரியே மாற்றுங்கள். ஆனால் சட்டென்று இருட்டாக்கிவிடாதீர்கள். வெளிச்சத்திலேயே பழகிய குஞ்சு இருட்டைக் கண்டால் பயந்து ஒரு மூலையில் ஏறிக் குவியும், அடியில் மாட்டினது மூச்சு முட்டிச் செத்துவிடும். நாலு மூலையையும் அட்டையோ தகரமோ வளைத்து வைத்து வட்டமாக்குங்கள். ஒரு சின்னச் சிவப்பு பல்பு, ஜீரோ வாட்ஸ் பல்பு போதும், இரண்டு மூன்று ராத்திரிக்கு எரியட்டும். சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் தனியாகத் தெரியாது. பகலில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கிற கணக்கு, குஞ்சின் உயரத்துக்கு உட்கார்ந்து தினத்தாளைப் பிரித்தால் தலைப்பு தெரிய வேண்டும், உள்ளே உள்ள பொடி எழுத்து தெரியக் கூடாது.

குளிருக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். 6 வாரத்தில் இறகு மூடியிருக்கும், பல்புச் சூடு அவ்வளவு தேவையில்லை, காற்றும் ஈரமும்தான் கொல்லும். காய்ந்த பக்கத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு நாலு குச்சி நட்டு, மேலே பழைய காப்பிச் சாக்கு இரண்டு அடுக்கு விரியுங்கள். மூன்று பக்கம் சாக்கு தொங்கட்டும், ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். 240 குஞ்சின் உடம்புச் சூடு அதற்குள்ளேயே நிற்கும். ராத்திரி கையை விட்டுப் பாருங்கள், அடுப்பங்கரை மாதிரி இருக்கும். இங்கே தை மாதத்தில் புல் மேல் உறைபனி படிகிற ராத்திரியிலும் என் குஞ்சுகள் இப்படித்தான் படுக்கின்றன. கரிச்சட்டி வைப்பதாக இருந்தால் தார்ப்பாயின் மேல்பக்கம் ஒரு சாண் திறந்தே இருக்க வேண்டும், மூடின கொட்டகையில் கரிப்புகை ஆளையே கொன்றுவிடும்.

இரண்டாவது தீவனம். வயிறு நிறைகிறது, உடம்புக்குப் போதவில்லை. மக்காச்சோளத்தில் புரதம் 9 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், தவிட்டில் 12, 13. இந்த வயதுக் குஞ்சுக்கு 18லிருந்து 20 வேண்டும். இறகு முழுக்கப் புரதம்தான் தம்பி. தீவனத்தில் கிடைக்காததை அது பக்கத்துக் குஞ்சின் முதுகில் தேடுகிறது. உப்பும் போடவில்லை என்று நினைக்கிறேன். கம்பெனித் தீவனத்தில் உப்பு இருக்கும், நொய்யிலும் தவிட்டிலும் இருக்காது, அதற்காகவும் ரத்தத்தைத் தேடும். வண்டி வரும் வரைக்கும் உங்கள் நொய் தவிட்டுக் கலவை 7 கிலோவுக்கு சோயா புண்ணாக்கு 3 கிலோ சேருங்கள், மொத்தம் 10 கிலோவுக்கு உப்பு 30 கிராம், தாது உப்புக் கலவை மூட்டையில் போட்டிருக்கிற அளவு. கடலைப் புண்ணாக்கு கையில் இருக்கிறது என்று அதைப் போட்டுவிடாதீர்கள், இந்த மழையில் பூஞ்சை பிடித்திருக்கும், ஈரல் போய்விடும். சோயா புண்ணாக்கைத் தலையில் சுமந்தாவது கொண்டுவாருங்கள், வண்டி வாடகை செத்த குஞ்சின் விலையைவிடப் பெரிதில்லை.

மூன்றாவது இடமும் பொழுதும். கொட்டகை 360 சதுர அடி, மூன்றில் ஒரு பங்கு நனைந்துபோனால் 240 சதுர அடி. குஞ்சுக்கு ஒரு சதுர அடி. அதுவும் கட்டி தட்டின உமி, கிளறினால் எதுவும் கிடைக்காது. கோழி பகல் முழுக்கக் கிளறிக் கொத்தப் பிறந்தது. தரையில் ஒன்றுமில்லை என்றால் கூட இருக்கிறதைக் கொத்தும். நனைந்த உமியை இன்றைக்கே வாரிக் காப்பிச் செடிக்குப் போடுங்கள். அதிலிருந்து வரும் அமோனியா கண்ணைக் கரிக்கும், அதுவே குஞ்சை எரிச்சல்படுத்தும். உங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழல் மரம் இருக்கும், கூரைக்கடியில் காய்ந்த சருகு கிடைத்தால் அள்ளிவந்து ஒரு சாண் கனத்துக்குப் போடுங்கள். பொழுது முழுக்க அதைக் கிளறிக்கொண்டே இருக்கும். மதியம் ஒரு கை சோளத்தை அதில் இறைத்துவிடுங்கள். வாழைத்தண்டை நீளவாக்கில் பிளந்து அதன் தலை உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். நான் முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறேன், ஒரு கோஸ் காலையில் கட்டினால் சாயங்காலம் குருத்துக் கட்டைதான் ஆடிக்கொண்டிருக்கும். கோஸ், பீட்ரூட் இலை எதுவானாலும் அந்த வாரம் மருந்து அடித்த காட்டிலிருந்து எடுக்காதீர்கள். எங்கள் பக்கம் தெரியாமல் போட்டு ஒரே நாளில் கூட்டத்தை இழந்தவர்கள் உண்டு.

புண் ஆன 17ஐயும் இப்போதே பிரித்து வேறு இடத்தில் வையுங்கள். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள், கசப்புக்கு மற்றது கொத்தாது. ஜென்ஷியன் வயலெட் கிடைத்தால் இன்னும் நல்லது, சிவப்பை மறைத்துவிடும்.

அப்புறம், கொட்டகையில் அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். 240ம் பிடுங்காது. பிடுங்குகிறது ஏழோ பத்தோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, அதன் வால் மட்டும் முழுசாக, பளபளப்பாக இருக்கும். பிடித்துக் காலில் கலர் நூல் கட்டுங்கள். அலகில் கை வைப்பதாக இருந்தால் அந்தப் பத்தில் வையுங்கள். துண்டில் சுற்றி மடியில் வைத்து, அலகுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலலகின் நுனியில் நகம் மாதிரி வெளுப்பாக, ஒளி ஊடுருவுகிற ஒரு துளி இருக்கும். அதற்கு மேலே நிறம் அடர்த்தியாகும், அங்கே ரத்தமும் நரம்பும் ஆரம்பம். அந்த வெளுப்பான முனையில் ஒரு மில்லிமீட்டர், நகவெட்டியால் எடுத்து அரத்தால் மழுக்கிவிட்டால் போதும். கூர் போனால் இறகைப் பற்ற முடியாது. ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும், அதற்குள் கூட்டம் மறந்துவிடும்.

மெஷின் வெட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. நடுவில் ஒரு கூட்டத்துக்கு 8ஆம் நாளில் நாமக்கல் ஆட்களை வரவழைத்துச் செய்தேன். தெரிந்தவர்கள் கை வேறு மாதிரிதான் இருந்தது. பிளேடு அடுப்புத் தணல் மாதிரி மங்கின சிவப்பில் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர் முழுக்க ஹீட்டர் போட்டதும் வோல்டேஜ் இறங்கியது, பிளேடு கருத்தது. அந்தப் பையன் உடனே கையை எடுத்துவிட்டான். "அக்கா, இதுல வெட்டினா கிழிக்கும், காலைல வெட்டறேன்" என்று சொல்லித் திண்ணையில் படுத்துக்கொண்டான். அவ்வளவு பொறுப்பான ஆள் கிடைத்தால், அதுவும் 10 நாளுக்குள் என்றால் செய்யலாம். 41 நாளில் 240ஐயும் மெஷினில் கொடுக்காதீர்கள். அந்த வயதில் அது நகம் இல்லை தம்பி, விரல்.

கால்நடை மருத்துவர், ஓய்வு

கோத்தகிரி அம்மா கடைசியாகச் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். அலகு நுனி கோழிக்குக் கை விரல் நுனி மாதிரிதான். தொடுதலை அறியும் நரம்பு முனைகள் அங்கே நெருக்கமாக உள்ளன. எடின்பரோவில் ஜென்டில், பிரூவார்டு என்ற இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த கோழியின் அலகை வெட்டிய பிறகு நரம்பு முனை முடிச்சு மாதிரி திரண்டு, தூண்டுதல் இல்லாமலே சமிக்ஞை அனுப்புவதைப் பதிவு செய்தார்கள். கை கால் துண்டிக்கப்பட்டவர்களுக்கு வருகிற வலியோடு இதை ஒப்பிடுவார்கள். குஞ்சுக்கு 10 நாளுக்குள் செய்தால் இந்த முடிச்சு பெரும்பாலும் தங்குவதில்லை. வயது ஏற ஏறத்தான் ஆபத்து.

குஞ்சு பொரிப்பகத்திலேயே முதல் நாளில் அகச்சிவப்புக் கதிர் காட்டும் முறையும் உண்டு. ரத்தம் வராது, திறந்த புண் இருக்காது. நுனி மெதுவாக மென்மையாகி, இரண்டு மூன்று வாரத்தில் தானே தேய்ந்து விழும். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும், வீட்டில் செய்கிற காரியம் அல்ல. அடுத்த முறை வாங்கும்போது அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

வெட்டாமல் வளர்க்க முடியாது என்பது உண்மை இல்லை. நார்வே 1974இலும் ஸ்வீடன் 1988இலும் அலகு வெட்டுவதைத் தடை செய்துவிட்டன, அங்கேயும் முட்டைப்பண்ணைகள் இருக்கின்றன. ஆனால் வெட்டுவதை நிறுத்திய இடங்களில் வெளிச்சம், தீவனம், கிளறும் தரை மூன்றிலும் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருந்தது. நெருக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு கத்தியை மட்டும் எடுத்துவிட்டால் கோழிகள் ஒன்றையொன்று தின்னும். நாமக்கல் நண்பரின் பயம் நியாயமானது.

இன்னொன்று. 6, 7 வாரத்தில் அம்மைத் தடுப்பூசி, 8ஆவது வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்கு ஆர்2பி வரும். அலகில் கை வைத்த வாரத்தில் ஊசி போடாதீர்கள், ஊசி போட்ட வாரத்தில் அலகைத் தொடாதீர்கள். இப்போதைக்குக் கூட்டம் அமைதியாகட்டும், அப்புறம் ஊசி. செத்த குஞ்சை அப்பப்போது எடுத்து ஆழமாகப் புதையுங்கள், கொட்டகையில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் மற்றவை தின்னப் பழகிவிடும்.

நாமக்கல் லேயர்

அக்கா சொன்ன பல்பு விஷயம் எனக்குப் புதுசு. எங்கள் ஊரில் குளிருக்கு இவ்வளவு பல்பு எரிய வேண்டிய நிலையே வராது. 6 வாரத்தில் எல்லாவற்றையும் வெட்டச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், பிடுங்குகிறதை மட்டும் பாருங்கள். ஆனால் முட்டை வைக்க ஆரம்பிக்கும்போது கவனம். முட்டைப்பெட்டி இருட்டாக, 5 கோழிக்கு ஒன்று வீதம் இருக்க வேண்டும். வெளிச்சத்தில் உட்கார்ந்து முட்டையிட்டால் அந்தச் சமயம் வெளியே தெரிகிற சிவப்பைத்தான் முதலில் கொத்தும்.

தாண்டிக்குடி தோட்டம்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கே பல்பை இறக்கிவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி மூலைக்கு அட்டை வளைத்தேன், சாக்குப் பந்தல் போட்டேன். முதலில் ஒரே கூச்சல். சிவப்பு பல்பு பக்கம் எல்லாம் நகர்ந்து வந்தன, நானும் உள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். பதினொரு மணிக்கு ஒன்றொன்றாகச் சாக்குக்கு அடியில் போய்ப் படுத்தன. 12 நாளில் முதல் முறையாகக் கொட்டகையில் சத்தமே இல்லை, தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உப்பு நான் போடவே இல்லை, நீங்கள் எழுதினதைப் படித்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது. தம்பி பைக்கில் வத்தலக்குண்டு போய் சோயா புண்ணாக்கு 25 கிலோ, தாது உப்பு ஒரு பாக்கெட் கொண்டுவந்துவிட்டான். மண் சரிந்த இடத்தில் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான்.

வால் முழுசாக இருக்கிறது 9 குஞ்சு. நூல் கட்டியிருக்கிறேன். உடனே நுனியை எடுக்கவா, பொறுக்கவா?

கோத்தகிரி முட்டைப்பண்ணை

மூன்று நாள் பொறுங்கள் தம்பி. அந்த 9ஐயும் தனியாகக் கூடை போட்டுக் கவிழ்த்து வையுங்கள், தீவனம் தண்ணீர் உள்ளேயே. தீவனம் மாறினாலே பாதிக்குக் குணம் மாறிவிடும். மூன்று நாள் கழித்து ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பாருங்கள், திரும்பப் பிடுங்கினால் அதற்கு மட்டும் நுனியை எடுங்கள். புண் ஆனதைப் புது இறகு மூடின பிறகுதான் கூட்டத்தில் விட வேண்டும். ராத்திரி இருட்டில் விடுங்கள், காலையில் எழும்போது சேர்ந்தே எழும்.

தம்பிக்கு ஒரு டம்ளர் சுக்குக் காப்பி போட்டுக் கொடுங்கள்.

தாண்டிக்குடி தோட்டம் (19 நாள் கழித்து)

நிலவரம் எழுதுகிறேன். பல்பு மாற்றின மறுநாள் ஒரு குஞ்சு செத்தது, அது ஏற்கெனவே குடல் வரை கொத்துப்பட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் சாகவில்லை. இப்போது 235. புண் ஆன 16க்கும் ஆறிவிட்டது, வாலில் குச்சி மாதிரி புது இறகு வருகிறது, நேற்று ராத்திரி எல்லாவற்றையும் கூட்டத்தில் விட்டுவிட்டேன்.

9இல் 7 உள்ளே விட்டதும் சருகைக் கிளற ஆரம்பித்துவிட்டன, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2 மட்டும் நேராகப் போய்ப் பிடுங்கின. அந்த இரண்டுக்கும் நுனியை எடுத்தேன். டார்ச் அடித்ததும் நீங்கள் சொன்ன வெளுப்பு தெளிவாகத் தெரிந்தது அக்கா, நெல்மணியின் முனை அளவுதான் இருந்தது. வெட்டும்போது குஞ்சு துள்ளவே இல்லை. இறக்கிவிட்ட அடுத்த நிமிஷம் போய்த் தீவனம் தின்றது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மெஷின் ஒட்டன்சத்திரத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வெயில் வந்துவிட்டது, தார்ப்பாயைச் சுருட்டிவிட்டேன். வடக்குப் பக்கம் கூரையை மூன்றடி நீட்டுகிற வேலை நடக்கிறது. தடுப்பூசிகளைக் கொஞ்சம் தள்ளிப்போட்டோம். அம்மை ஊசிக்கு மருத்துவர் வருகிற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், ஆர்2பி அதற்கு அடுத்து. வாழைத்தண்டு தினமும் இரண்டு தொங்குகிறது, அம்மாதான் காலையில் பிளந்து கட்டுகிறார்.

முட்டைப்பெட்டிக்குச் சில்வர் ஓக் பலகை அறுத்து வைத்திருக்கிறேன். 47 பெட்டி. உயரம், அகலம் எவ்வளவு வைக்கலாம்?

கோத்தகிரி முட்டைப்பண்ணை

ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம், ஒரு அடி உயரம். முன்பக்கம் நாலு விரல் உயரத்துக்குக் கட்டை அடியுங்கள், முட்டை உருண்டு வராது. வாசலில் பாதிக்குச் சாக்குத் திரை தொங்கட்டும்.